நூற்றுக்கு எத்தனை

ஏறாவூர்த் தையற்சாலையின் சாப்பாட்டு அறை மூலையில்
வெட்டி மிஞ்சிய நீலத் துணியால் ஒரு மறைப்பு.
அதற்குள் யோகமலர்
சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

ஸ்பிரிற் பஞ்சால் துடைத்து
இரண்டு மின்வாய்களை ஒட்டினேன்.
"ஷொக் அடிக்குமா கா?"
"இல்லை அக்கா. இது காதுகொடுக்கும், அவ்வளவுதான்."

முதலில் உச்சம் எடுக்கவேண்டும்.
சுவரில் இறுக்கிய பட்டியை
ஏலுமான மட்டும் தள்ளுங்கள் என்றேன்.
தள்ளினாள்.
கழுத்து நரம்பு புடைத்தது,
திரையில் கோடு பற்றையாய் மண்டியது.
அதுதான் நூறு.
இனி அவள் செய்வதெல்லாம் அதில் ஒரு பங்கு.

அடுத்தது பூச்சியம்.
"கையை மடியில் விடுங்கள். ஒன்றும் செய்யாதீர்கள்."
விட்டாள்.
கோடு இறங்கியது, இறங்கி நின்றது,
தரையைத் தொடவில்லை.
வயரை மாற்றினேன்.
ஜெஸீமா மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள்.
மின்வாயைப் பிடுங்கிப் புதிதாய் ஒட்டினோம்.
ஆறு.
கீழே இறங்க மறுக்கும் ஆறு.
"சும்மாதான் இரிக்கன் கா" என்றாள்,
கணக்கில் பிழைவிட்ட பிள்ளை மாதிரி.

பிறகு மெஷின்.
கொலரை எடுத்து, மடித்து, ஊசிக்குக் கீழே தள்ளி
ஒன்றுக்கு நாற்பத்தொரு செக்கன்.
முப்பத்திரண்டு வீதம் என்றது திரை,
பின்னேரம் முப்பத்தெட்டு.
மேசையின் பின்கால்களுக்குக் கீழே
நாலு விரற்கடை பலகை வைத்தோம்,
முழங்கை சாய ஒரு றப்பர் திண்டு,
கதிரையை ஒரு சாண் முன்னால்.
பத்தொன்பது!
ஜெஸீமா கைதட்டினாள்.
நானும் தட்டியிருப்பேன், கையில் பேனை இல்லாவிட்டால்.

அறிக்கை போனது.
மூன்று மாதத்தில் எல்லா மேசைக்கும் பலகை வந்தது.
நாலாம் மாதம்
மணிக்கு எண்பத்தைந்து என்றிருந்த இடத்தை அழித்து
நூற்றைந்து என்று எழுதியிருந்தார்கள்.
சோக்கட்டித் தூள் இன்னும் தரையில் கிடந்தது.

மறுபடி ஒட்டினேன்.
முப்பத்தொன்று.
எட்டிப் பார்த்தாள் யோகமலர்.
"பழைய இடத்துக்கே வந்திட்டா கா?
ஆனா முதுகு இப்ப நோகல்ல, அதையும் எழுதுங்க."
எழுதினேன்.

அந்த ஆறு?
ஓய்வு இரைச்சல் என்று அதற்கொரு பெயர் இருக்கிறது.
கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவது வழக்கம்.
முதல் அறிக்கையில் கழித்தேன்.
இரண்டாவதில் கழிக்கவில்லை.

ஒலுவிலிலிருந்து தாள் திரும்பி வந்திருக்கிறது,
ஆறைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் பேராசிரியரின் சின்ன எழுத்தில்:
இது எங்கிருந்து வருகிறது?