கொக்கியின் கணக்கு

ஓஹையோவில் பனி விழத் தொடங்கினால்
என் தொலைபேசிக்குத் தூக்கம் போய்விடும்.
டொலீடோவுக்குத் தெற்கே, இன்டர்ஸ்டேட் எழுபத்தைந்தில்
பள்ளத்தில் குப்புறக் கிடப்பவற்றை
இழுத்து மேலே போடுவது என் பிழைப்பு.
இந்தக் குளிரில் மூன்றையும் இழுத்தாயிற்று.
கேட்பவர்களுக்குச் சொல்ல
எனக்கும் ஒரு கருத்து உண்டு.

முதலில் கமாரோ. பல் டாக்டர் ப்ரூக்னருடையது.
வளைவில் இதை மிஞ்ச ஆளில்லை என்றார்
முழங்கால் பனியில் நின்றபடி.
மெய்தான். நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்,
கை திரும்புமுன் மூக்கு திரும்பிவிடும்.
ஆனால் ஜன்னலா அது? உண்டியல் வாய்.
மஞ்சள் விளக்கு சுழலச் சுழல
நான் பின்னால் வந்து நின்றதையே அவர் பார்க்கவில்லை.
கண்ணாடியைத் தட்டியதும் துள்ளினார்.
பெட்டியை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
பெட்டி போகும், வாய்க்குள் நுழையாது என்றார்.
கோடை டயர், ஜனவரி மாதம்.
படித்தவர்தான்.

மஸ்டாங்குக்கு எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு:
கூட்டத்தைக் கண்டால் அதற்குக் கால் தடுமாறும்.
டேவியன் ஹாஸ்டெட்லருக்குப் பத்தொன்பது வயது.
கார்ச் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது
நாலு பேர் கைபேசியைத் தூக்கினார்கள்,
இவன் காலை அழுத்தினான்.
நானூற்று எண்பது குதிரையும் ஒரே நேரத்தில் எழுந்தால்
எந்தத் திசை என்று யார் கேட்பது?
மாதத் தவணையைவிட இன்சூரன்ஸ் அதிகமாம்.
பீட்சா அடுப்படியில் வாரம் ஆறு நாள் நிற்கிறான்,
வேலைக்குப் போக கார் வேண்டும்,
காருக்காக வேலைக்குப் போக வேண்டும்.
இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
உதடு வீங்கியிருந்தது.

சேலஞ்சரை இழுத்தபோது கம்பி முனகியது.
அவ்வளவு கனம்.
வளையச் சொன்னால் சற்று யோசிக்கும்,
நேர்சாலையில் விட்டால் மட்டும்
முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.
லொரெட்டா ஷிமான்ஸ்கி, இரவுப்பணி நர்ஸ்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓட்டியிருக்கிறாள்,
பேரனின் சீட் பின்னால் நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறது,
குளிர்கால டயர், டிக்கியில் மண்வெட்டி, மணல் மூட்டை.
எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள்.
மான் குறுக்கே வந்தது.
கவலையோடு டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.
ஐந்து டஜன் முட்டை, ஒன்றில்கூடக் கீறலில்லை.
'எழுதி வைத்துக்கொள்' என்றாள்,
கட்டணத்தில் இருபது டாலர் குறைக்க வைத்துவிட்டு.

ஆகவே தினமும் வைத்து ஓட்ட லொரெட்டாவின் கார்.
மலைப்பாதை கிடைத்தால் டாக்டரின் கார்,
ஆனால் எங்கள் பக்கம் மலைக்கு எங்கே போவது,
தோசைக்கல் போலக் கிடக்கிறது நிலம்.
இரண்டும் இப்போது புதிதாக வருவதில்லை.
புதிதாகத்தான் வேண்டுமென்றால் மஸ்டாங்.
பணம் இருந்தால். நிதானம் இருந்தால்.
என் மனைவி ஈவெட் இதைக் கேட்டுவிட்டு
'உனக்கு எது?' என்றாள்.
பாத்திரம் கழுவினேன்.

வியாழக்கிழமை டேவியன் யார்டுக்கு வந்தான்.
இன்சூரன்ஸ்காரர்கள் அதைத் தேறாத கணக்கில் எழுதிவிட்டார்கள்.
சார்ஜர், பீட்சா சூட்டுப்பை, ஒற்றைக் கையுறை,
எடுத்து ஒரு பைக்குள் போட்டான்.
போகாமல் நின்றான்.
ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணட்டுமா என்றான்.
கூடாதுதான். சாவியைக் கொடுத்தேன்.

உடைந்த முகத்தோடு அது எழுந்தது.
தகரக் கூரையில் பனி பொலபொலவென உதிர்ந்தது,
நெஞ்செலும்பு வரை வந்து தட்டியது சத்தம்.
பக்கத்து டயர்க் கடைக்காரர் வெளியே வந்து
திட்டப்போகிறார் என்று பார்த்தேன்.
அவரும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.
காலனுக்கு எத்தனை மைல் என்று
எங்களில் யாரும் பேசவில்லை.

அவன் அணைத்தான். சாவியைத் தந்தான்.
அப்புறம் நான் பேட்டரியைக் கழற்றினேன்,
யார்டின் விதி அது.