காம்பியோ

காற்றுக்குப் பெயர்போன ஊர் போர்வெனிர்.
இரவெல்லாம் தகரச் சுவர்கள் உப்புவதும் அடங்குவதுமாக.
சிரியாகோவுக்கு இன்றைக்கு எழுபத்தோரு நாள்.
அவன் வெளிக்குப் போய் நான்கு நாள்.

முதல் நாள் நான் கவனிக்கவில்லை.
இரண்டாம் நாள் நல்லதாகப் போயிற்று என்றிருந்தேன்,
துவைக்கிற துணி குறைந்ததே.
மூன்றாம் நாளிலிருந்து
அவன் முகம் சிவக்கும்போதெல்லாம்
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
காலை அடிவயிற்றுக்கு இழுப்பான், முக்குவான்,
கடன் கொடுத்தவனைப் போல என்னை உற்றுப் பார்ப்பான்,
பிறகு கொஞ்சம் காற்று. அவ்வளவுதான்.
துணியை விரித்தால்
ஒரு வரிகூட எழுதாத பரீட்சைத் தாள்.

பெலார்மினோ நண்டுப் படகில், கால்வாய்களுக்குள்.
அங்கே கைப்பேசி எடுக்காது.
கடற்கரை வானொலி அறையில் ஒட்டிலியா
ஒலிவாங்கியை என் பக்கம் நகர்த்தினாள்.
"பேசி முடித்ததும் காம்பியோ என்று சொல்."
காம்பியோ என்றால் மாற்றம்.
நான் முடித்தேன், இனி உன் முறை.

பால் குடிக்கிறான், தூங்குகிறான்,
நேற்று சிரித்தமாதிரிகூட இருந்தது,
ஆனால் நாலு நாளாகப் போகவில்லை. காம்பியோ.

நெடுநேரம் இரைச்சல்.
பிறகு யாரோ ஒரு முரட்டுக் குரல்:
"பார்ஸ்லித் தண்டை எண்ணெயில் தோய்த்து..."
இன்னொருவர்: "நாக்கில் ஒரு துளி தேன்..."
மற்றொருவர், ரொம்ப தூரத்திலிருந்து:
"என் மூத்தவளுக்கு ஒன்பது நாள். இப்போது அவள் பஸ் ஓட்டுகிறாள்."

இந்த அலைவரிசையில் பதினோரு படகுகள் என்பதை
ஒட்டிலியா சொல்ல மறந்திருந்தாள்.
என் பிள்ளையின் குடல்
மகெல்லன் நீரிணை முழுக்கத் தெரிந்த விஷயமாகிவிட்டது.
கடைசியில் என் கணவன், வெட்கத்தில் குரல் கம்ம:
"வயிறு கல்லா, மாவா? காம்பியோ."

அந்தக் கேள்வியை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.
மறுநாள் சுகாதார நிலையத்தில்
எடெல்மிராவும் அதைத்தான் முதலில் பார்த்தாள்,
இரண்டு விரலால் அழுத்தி. மாவு.
பச்சையாக வாந்தி? இல்லை. ரத்தம்? இல்லை.
தராசில் ஐந்து கிலோ நானூறு.
"தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை
இந்த வயதில் வாரம்கூடப் போகாமலிருக்கும்.
வரும்போது இளகி வந்தால் அது மலச்சிக்கலே இல்லை.
தேன் கூடாது தாயே. தண்ணீரும் வேண்டாம்.
தண்டு கிண்டு எதையும் உள்ளே விடாதே."
கதவு வரை வந்துவிட்டுச் சொன்னாள்:
"வயிறு இறுகினால், பால் மறுத்தால்,
நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வா."

அவ்வளவு ஆறுதலில்
அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்
வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

விறகடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்து
கால்களைச் சைக்கிள் மிதிக்கவைத்தேன்.
வெதுவெதுப்பான தண்ணீர்.
தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் போகிற பக்கமாக விரல்.
அரை மணிக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டேன்,
மாவு, மாவு, மாவு.
விடியும்போதுதான் நினைவு வந்தது,
நானும் மூன்று நாளாகப் போகவில்லை.

ஆறாம் நாள், வானொலி அறை.
அதே நாற்காலி. மடியில் அவன், கம்பளிக்குள்.
ஒலிவாங்கியை அழுத்தி
"எடெல்மிரா என்ன சொன்னாளென்றால்" என்று தொடங்கினேன்.
அவன் முகம் சிவந்தது.
கண்ணைச் சுருக்கினான்.
மேலே பறந்துபோகப் போகிறவனைப் போல விறைத்தான்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் வைக்க முடியாது.
ஒட்டிலியா காப்பிக் கோப்பையைத் தவறவிட்டாள்.
முதுகு வழியாக ஏறிப் பிடரி வரை,
என் மணிக்கட்டு வரை,
அரைத்த கடுகின் மஞ்சள், சூடாக.
மாற்றுத்துணி கொண்டுவரவில்லை.
அவள் தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து நீட்டினாள்.

"இளகித்தான் இருக்கிறது" என்றேன்.
அழுதுகொண்டு திரும்பச் சொன்னேன்,
இளகித்தான், இளகித்தான் இருக்கிறது.

வானொலியில் யாரும் வாய் திறக்கவில்லை.
கோபமோ, அருவருப்போ என்று பார்த்தால்
நான் காம்பியோ சொல்ல மறந்திருந்தேன்.
அந்தக் குளிர்ந்த தண்ணீரில்
பதினோரு படகுகள் மரியாதையாகக்
காத்துக்கொண்டிருந்தன.