ஐந்தாம் படி

இருபத்தாறு விடைத்தாள்.
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை.
இரண்டாம் எந்திரத்தை நிறுத்தித் துடைக்கும்
அந்தப் பதினைந்து நிமிடத்தில்
மூடைகள் மேல் பரப்பி வைத்துத் திருத்துகிறேன்.
பத்தாம் ஆண்டு, மறைக்கல்வி, இரண்டாம் தவணை.
சிவப்புப் பேனாவின் முனையில் மா அடைக்கிறது.
ஊதினால் மறுபடி சிவக்கிறது.

திருத்தூதர் பன்னிருவர் பெயரைக் கேட்டதற்கு
ரெக்சன் பதினொன்றை எழுதி
பன்னிரண்டாவதற்கு நேரே
'யூதாசு, இடாப்பிலிருந்து பெயர் வெட்டப்பட்டது'
என்று அதிபரைப் போலக் கையொப்பமும் வைத்திருக்கிறான்.
தூய ஆவியின் கொடைகள் ஏழு.
எவஞ்சலினுக்கு எட்டு.
எட்டாவது 'கணக்கில் சித்தி'.
எழுதிவிட்டு அழித்திருக்கிறாள்,
அழித்த இடம்தான் தாளிலேயே அதிகம் தெரிகிறது.
டெல்றோயின் தாளில் ஒரு மூலை இல்லை.
பஸ் நிலையத்தில் மான் தின்றதாம்.
இந்த ஊரில் அதை நம்பாமல் இருக்க முடியாது.

நான்காம் வினா:
நல்ல பாவசங்கீர்த்தனத்தின் ஐந்து படிகளையும் தருக.
ஆயர் இல்லத்துப் புள்ளித்திட்டம் கையில் இருக்கிறது,
படிக்கு இரண்டு, ஆகப் பத்து.
எல்லாரும் பாடமாக்கி இருக்கிறார்கள்.
நினைத்துப் பார்த்தல்.
மனம் வருந்தல்.
இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல்.
குருவிடம் அறிக்கையிடல்.
பரிகாரம் நிறைவேற்றல்.
சரி, சரி, சரி.
கை தன்பாட்டில் போகிறது,
மூடை எண்ணுகிற கை.

பிறகு மரிஸ்டெல்லா.
கடைசி வாங்கில் யன்னலோரம்,
கேட்டால் மட்டும் வாய் திறப்பவள்.
நான்கு படி எழுதியிருக்கிறாள், குண்டு குண்டாக.
ஐந்து என்று இலக்கம் போட்டு
அதன் பக்கத்தில்:
'தெரியும் சேர். இன்னும் செய்யவில்லை.
அதனால் எழுதவில்லை.'

எந்திரம் திரும்பவும் ஓடத் தொடங்கியது.
நான் எழும்பவில்லை.

போன வருசத்துக்கு முதல் வருசம்,
இதே தளத்தில்
என் கொக்கி கிழித்துப் பதினேழு மூடை சிந்தியது.
யார், என்று கேட்டார் மேற்பார்வையாளர்.
நான் பொய் சொல்லவில்லை.
வேலைப் பட்டியலைப் பார்த்தேன்.
அதில் அந்த நேரத்துக்கு நஜிமுதீன் பெயர் இருந்தது.
எனக்காக மாறி நின்றவன் அவன்,
நான் மணி பார்க்காமல் வந்து ஏறிக்கொண்டவன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.
மற்றவர்களும் அங்கே பார்த்தார்கள்.

தவக்காலத்தில் போய்ச் சொன்னேன்.
மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்,
பிறகு மூன்று அருள்நிறை மரியே.
வாசல் தீர்த்தத் தொட்டிக்கு வருமுன்பே
மூன்றும் முடிந்துவிட்டது.
எவ்வளவு இலேசு என்று நினைத்தது ஞாபகம்,
அதையே பெரிய அருள் என்றும் நினைத்தேன்.

நஜிமுதீன் இப்போது மட்கோவில்
கொத்துக் கடையொன்றில் தட்டுப் போடுகிறான்.
அதனால்தான்
பஸ்ஸில் எப்போதும் மற்றப் பக்கம் இருப்பேன்.
கேட்டால் காற்று நல்லம் என்பேன்.

மரிஸ்டெல்லாவுக்கு எட்டு போட்டேன்.
வெட்டினேன்.
பத்து போட்டேன், அது எனக்கே
நான் இலஞ்சம் கொடுத்தது போலிருந்தது.
வெட்டினேன்.
கடைசியில் பென்சிலால் ஒரு வட்டம்,
உள்ளே ஒன்றுமில்லை.

விடிந்து, தலைமயிரில் மாவோடு,
ஞாயிறு முதல் பஸ்.
தாள்கள் மடியில்.
நடத்துனர் தம்பி ஏறிட்டுப் பார்த்தான்,
அண்ணன் இன்றைக்கு இடம் மாறியிருக்கிறீர்கள்.
ஓம் என்றேன்.

மட்கோ சந்தி வந்தது.
கடை பூட்டியிருந்தது.
தகரக் கதவில் சுண்ணக்கட்டியால்
ஒரு தொலைபேசி இலக்கம்,
கடைசி மூன்றும் மழையில் கரைந்து.
பஸ் நிற்கவில்லை, நான் மணியும் அடிக்கவில்லை,
ஆனால் முதல் ஏழு இலக்கங்களை
மேலே கிடந்த விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.
பிறகுதான் பார்த்தேன் அது யாருடைய தாள் என்று.

எட்டரைக்கு வகுப்பு.
அவளிடம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.