அடுத்த அட்டை

விடிகாலை மூணேகாலுக்கு
உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.
ஃபேனை ஐந்தில் வைத்தால்
தங்கராசு போர்வைக்குள் சுருண்டுகொள்கிறார்.
வேர்வை ஆறிய பிறகு வருவதுதான் மோசம்,
காரணம் ஒன்றும் கையில் இல்லாத பயம்.
கேஸை மூடினேனா.
ஓசூரில் மகள் ஸ்கூட்டி எடுக்கும் நேரமில்லை இது,
இருந்தாலும்.

இருபத்தாறு வருஷமாக
ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
லாரிக்கு எத்தனை மூட்டை என்று தூக்கத்திலும் சொல்வேன்.
போன தை மாதம் சரக்கு ஏற்றும்போது
நெஞ்சு என்னைவிட வேகமாக எண்ணத் தொடங்கியது.
புளித்த மாவு வாடையில்
மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தேன்.
ஈசிஜி எடுத்த பையன் "எல்லாம் நார்மல்மா" என்றான்
குற்றம் சாட்டுவதுபோல.

அக்கா சொன்னாள், இந்த வயசுல வர்றதுதான், தானாப் போயிரும்.
அம்சவேணி சொன்னாள், எனக்கு ஒண்ணுமே தெரியலையே.
ஆளிவிதை தின்றேன். மூச்சை எண்ணினேன்.
கொஞ்சம் கேட்டது, பொய் சொல்லமாட்டேன்.
கொஞ்சம்தான்.

ஐந்து ரோடு பக்கம், மாடியில், டாக்டர் நிலோஃபர்.
பலகையில் மனநலம் என்று எழுதியிருந்ததால்
வெயிலே இல்லாத சாயங்காலத்தில்
குடை பிடித்துப் படியேறினேன்.
விலக்கு நின்று எத்தனை மாசம் ஆச்சு என்றார்
முதல் கேள்வியாக.
என் கூடவே இருப்பவர்கள் ஒருத்தரும் கேட்காதது.
அழுதுவிட்டேன்.

மாத்திரை ஜவ்வரிசியைவிடச் சற்றே பெரிது.
இரண்டு வாரம் குமட்டல், வாயெல்லாம் பஞ்சு.
ஆறாவது வாரம் ஒருநாள்
கண் விழித்தால் மணி ஐந்தரை,
பால்காரர் கேட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.
அவ்வளவுதான் அதிசயம்.

இப்போது எட்டு மாசம்.
"இன்னும் ஒரு வருஷம் தொடரலாம்.
அப்புறம் மெல்லமாக் குறைச்சுப் பார்க்கலாம்.
திரும்ப வந்துச்சுன்னா
ரொம்ப நாளைக்கே வேண்டியிருக்கலாம்.
திடீர்னு மட்டும் நிறுத்திராதீங்க.
யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கராசு மாத்திரைப் பெட்டியின் காகிதத்தை விரித்து
பூதக்கண்ணாடி வைத்து
பின்விளைவுகளைச் சத்தமாக வாசித்தார்,
ஜாதகம் பார்ப்பதுபோல.
"ஆயுசுக்குமா?"
பதினோரு வருஷமாக அவருக்குச்
சோற்றுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.
கிழமைவாரியாக டப்பாவில் போட்டுவைப்பது நான்.
அந்தக் கேள்வியை ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை,
இப்போதும் கேட்கவில்லை.
காகிதத்தை மடிக்கத் தெரியாமல் அவர் திண்டாடியதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏற்காடு பஸ் ஏறினேன்.
போன வருஷம் ஏழாவது வளைவில்
நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தி இறங்கியவள்.
கொண்டை ஊசி வளைவு என்கிறது பலகை.
ஊசி நிற்க இப்போது எனக்குக் கொண்டை ஏது.
ஐந்து. ஆறு.
ஏழில் நெஞ்சு தட்டியது.
தட்டியது, உடைக்கவில்லை.
பக்கத்து சீட்டுக் குழந்தை என் செருப்பில் வாந்தி எடுத்தது.
துடைத்து, தண்ணீர் கொடுத்து, அதன் அம்மாவைத் தேற்றி
நிமிர்ந்தபோது பதினாறு.

ஏரிக்கரையில் உப்பு மிளகாய் போட்ட கொய்யா தின்றேன்.
மூடுபனியில் ஒரு முடிவும் தெரியவில்லை.
இந்த மருந்து இல்லாமல் இங்கே வந்திருப்பேனா,
சொல்ல முடியாது.
தெரிந்துகொள்வதற்காக
இன்னொரு மூணேகாலைப் பார்க்க விருப்பமில்லை,
இந்த வருஷம்.
இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை.
தூங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் மூன்று அட்டை கேட்டேன்.
கடைக்காரர் இடம் வலம் பார்த்து
பழைய பேப்பரை எடுத்தார்.
முப்பத்தைந்து வருஷம் நாப்கினைச் சுற்றித் தந்த
அதே மடிப்பு.
"சுத்த வேண்டாம், அப்படியே குடுங்க."
கொடுத்தார்.
சில்லறை இல்லையென்று
இரண்டு மிட்டாயும்.