ஒரு சாண் தள்ளி

முத்தியால்பேட்டை வாடகை வீட்டில்
வடக்குச் சுவர் ஐப்பசியிலிருந்து வேர்க்கிறது.
மேல்வீட்டுக் குழாய்தான் என்கிறேன் நான்.
கடல்காற்று என்கிறார் வீட்டுக்காரர்.

பிளம்பர் பிலவேந்திரன் வந்தார்,
கையில் ஒரு மஞ்சள் கேமரா.
"உடைக்காமலே பாத்துடலாம் மேடம்,
இது சூட்டைப் பாக்கும்."
திரையில் சுவர் ஆரஞ்சாக எரிந்தது.
சுவிட்ச்போர்டுக்குக் கீழே
சாய்வாக ஒரு நீலக் கீறல்.
சாக்பீஸால் வட்டம் போட்டார்.

மேசையில் என் மடிக்கணினி.
அறுநூற்றுப் பதினான்கு விண்மீன் திரள்கள்,
ஆளுக்கு இரண்டு அகச்சிவப்பு எண்கள்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறேன்
மளிகைக் கணக்கு மாதிரி.
மிச்சம் அரைக்கு மேல் போனால்
அதன் நடுவில் தூசி கொதிக்கிறது,
தூசிக்குள் ஒரு கருந்துளை
யாரும் பார்க்காமல் சாப்பிடுகிறது.

அவருக்குக் குளிர்ச்சி தண்ணீர்.
எனக்கு நேர்மாறு:
எங்கே கொதிக்கிறதோ
அங்கே நீர் மூலக்கூறுகள் கூட்டமாக
ஒரே சுருதியில்,
நகத்தளவு அலையில்,
மேசராக ஒலித்துக்கொண்டிருக்கலாம்.

லாம்.
இந்த விகுதியின் மேல்தான்
ஐந்து வருடமாகக் குடியிருக்கிறேன்.
குருட்டாம்போக்கில் தேடினால்
நூற்றுக்கு மூன்று கிடைக்கும்.
என் சல்லடையில் பத்து வரலாம்.
மற்றவை சும்மா கொதிப்பவை,
அல்லது தலை சாய்ந்தவை:
தோசைக்கல்லை விளிம்போடு பார்ப்பதுபோல்
அந்தத் தட்டு நமக்கு நேராக நிற்க வேண்டும்,
இல்லாவிட்டால் கதிர்
வேறு யார் வீட்டுக்கோ போய்விடும்.

"எவ்ளோ தூரத்துத் தண்ணி?"
வெளிச்சமே இங்கு வந்து சேர
பதினெட்டுக் கோடி வருடம் என்றேன்.
"அப்ப இந்நேரம்
லீக்கை அடைச்சிருப்பாங்களே"
என்றபடி உளியை எடுத்தார்.

வட்டத்துக்குள் காய்ந்த செங்கல்.
கேமராவை ஒருதரம் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
பிறகு ஒரு சாண் தள்ளி,
எந்த நிறமும் காட்டாத இடத்தில்
சும்மா ஒரு தட்டு.

சொட்டியது.

தொலைநோக்கியில் முப்பத்தொன்றுக்குத்தான் நேரம்.
ராத்திரி பட்டியலைத் திறந்து
அரைக்கு ஒரு மயிரிழை கீழே என்று
மாசியில் நான் தள்ளிவிட்டவற்றில்
நான்கை உள்ளே எடுத்தேன்.
எதனால் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

விசைப்பலகையில் செங்கல் தூசி.
சுவரின் ஓட்டைக்குக் கீழே
பிலவேந்திரன் வைத்துவிட்டுப்போன
பெயிண்ட் டப்பாவில்
இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.