டயருக்குள் இருபது ரூபாய்

ஐந்து வருடம்
கிழக்குக் கடற்கரைச் சாலையில்
நான் பார்த்தது ஹெப்சிபாவின் முதுகை.

கடல் இருந்ததாம்.
போகும்போது இடப்பக்கம்,
வரும்போது வலப்பக்கம்.
எனக்குத் தெரிந்த உப்பு
அவள் பனியனில் காய்ந்த வெள்ளைக்கோடு.
உத்தண்டியில் கயிறு மாதிரி இருக்கும்,
முட்டுக்காடு பாலம் ஏறும்போது
கைக்குட்டை அகலம்.

அவள் பின்சக்கரத்துக்கும்
என் முன்சக்கரத்துக்கும் நடுவே
நாலு விரல்.
அந்த நாலு விரலுக்குள்
காற்று என்னைத் தேடவில்லை.

சாலைப் பந்தயம்
அடுத்தவர் முதுகில் குடித்தனம்.
வாடகை உண்டு.
முறை வந்தால் முன்னால் போய்
எல்லோருக்குமாக எதிர்காற்றை வாங்க வேண்டும்.
வாய் திறந்து யாரும் கேட்பதில்லை,
முழங்கை ஒருமுறை அசையும்.
தராதவள் பெயர்
கோவளம் போவதற்குள் கெட்டுவிடும்.

தோற்பதுகூடக் கூட்டமாகத்தான்.
ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டினோம்
முப்பத்தொரு பேர்.
எனக்குப் பத்தொன்பது என்றார்கள்.
புகைப்படத்தில் என் கையுறை தெரிந்தது.

"மெட்ராஸ்ல ஏதுடி மலை?"
மின்வாரியத்தில்
பக்கத்து மேசை குணபூஷணி சிரித்தாள்.

பல்லாவரத்துக்குப் பின்னால்
வெட்டித் தீர்த்துக் கைவிட்ட
கல்குவாரியின் விளிம்பு.
மேலே, வயிறு திறந்து
சக்கரம் இறக்கியபடி விமானங்கள்.
உயரம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.
ஆனால் ஆறு சுற்று.
ஆறு முறை ஏறினால்
குப்பைமேடும் மலைதான்.

விசில் அடித்த முதல் நிமிடமே
நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது.
சாலையில் முதல் மணிநேரம்
நாங்கள் தக்காளி விலை பேசுவோம்.

இங்கே முதுகு கிடையாது.
அல்லது இருக்கிறது, பிரயோஜனமில்லை.
நடை வேகத்தில் ஏறுகிறவளுக்குப் பின்னால்
என்ன ஒளிவது?
அவள் கிளப்பும் செம்மண்ணைத் தின்னலாம்.

கால் வலிக்கும் என்று தயாராக வந்தேன்,
வலித்தது விரல்.
இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து
தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாத விரல்.
கருவேல முள்
கையெழுத்துப் போடாமல் விடவில்லை.

கல்லைப் பார்க்காதே,
கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போவாய்
என்பது இங்கே முதல் பாடம்.
கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும்
வெறும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.
ஐந்து வருடம்
எதிரில் இருப்பதையே பார்த்துப் பழகிய கண்.
இரண்டு முறை விழுந்தேன்,
ஒரே கல்லில்.

மூன்றாவது சுற்றில்
டயரின் விலாவைக் கிழித்தது குவாரி.
கட்டைவிரல் நீளம்.

ஹெப்சிபாவோடு ஓடும்போது
பின்னாலேயே ஒரு ஆம்னி வரும்,
கையைத் தூக்கினால் புதுச் சக்கரம்.
இங்கே விதிப்படி
உன் சைக்கிள், உன் கை.

டியூபை மாற்றினேன்.
கிழிசல் வழியே அது
நாக்கை நீட்டிப் பார்த்தது.
சட்டைப்பையில் இருபது ரூபாய்,
பந்தயம் முடிந்து டீ குடிக்க.
நாலாக மடித்து
உள்பக்கம் அணைகட்டினேன்.

கைப்பம்பு.
நூறு அடி, நூற்றிருபது.
எந்தக் காற்றுக்குப் பயந்து
இத்தனை வருடம் குனிந்தே ஓட்டினேனோ
அதனிடமே
மண்டிபோட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வழி! வழி!"
அனகாபுத்தூர் ரூபிணி,
ஒரு சுற்று முன்னால் இருக்கிறவள்.
தாண்டிப் போய்,
திரும்பாமலே கத்தினாள்:
"அக்கா, காத்து இருக்கா?"

"இருக்கு" என்றேன்.
பாதி பொய்.
பாதி டயர் அளவுக்கு உண்மை.

கடைசிக்கு முந்தைய இடம்.
நான் வந்தபோது
கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பின் மேல்
ஒரு நாய் படுத்திருந்தது,
நேரம் குறிப்பவர் அதை எழுப்பவில்லை,
நான் சுற்றிக்கொண்டு கடந்தேன்.
பின்னால் யார் வருகிறார்கள் என்று
முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தேன்.
ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்,
தோளில் சைக்கிளோடு.

ஹெப்சிபா போன் செய்தாள்,
எத்தனையாவது என்று கேட்டாள்.
விமானச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன்.

டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய்.
பையைத் தடவினேன்.
வண்டியைக் காட்டி,
"அதுக்குள்ள இருக்குண்ணே" என்றேன்.
அவர் டயரைப் பார்த்தார்,
என் முழங்கால் ரத்தத்தைப் பார்த்தார்,
சர்க்கரை தூக்கலாகப் போட்டு நீட்டினார்.

கடன் இன்னும் நிற்கிறது.
டயரும்.