ஏழு ஆட்டம், ஒரு புள்ளி

அந்த ஒன்றையும் மழைதான் தந்தது.
இரண்டுக்குப் பூச்சியம் பின்னால் நிற்கையில்
பண்ணைப் பக்கமாக இருண்டு வந்து கொட்டியதில்
நடுவட்டத்தில் பந்து மிதந்தது.
றெஃப்ரி கையை விரித்தார்:
ஆளுக்கொரு புள்ளி.
கிண்ணம் எடுத்தவர்கள் மாதிரிக் கத்திக்கொண்டு
குருநகர் வரைக்கும் நனைந்தபடி சைக்கிள் உழக்கினோம்.

ஐஸ் கொம்பனியில் கணக்கெழுதுகிறேன்.
கடற்சுடரின் கோல் காப்பாளன் பிறின்சன்
அங்கேதான் கட்டி தூக்குகிறான்.
விடியப்புறம் நாலு மணிக்கு
சாக்குக்கூடச் சுற்றாமல்
வழுக்கும் முழுக்கட்டியை லொறியில் ஏற்றுவான்.
மூன்று வருசத்தில் ஒன்றும் விழுந்ததாகப்
புத்தகத்தில் இல்லை.
எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும்.
போன சனிக்கிழமை
ஒரு குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்த பந்து
அவன் கைக்குள்ளால் போனது.

திங்கட்கிழமை
சம்பளத் துண்டில் கையெழுத்துப் போடும்போது
அவன் நிமிரவில்லை.
"என்ன கண்டறியாத கையடா அது?" என்பதை
நான் பேனை மூடிக்குள் போட்டு இறுக்கினேன்.

ஒன்பதாம் இலக்கம் பிரான்சுக்குப் போய்விட்டது.
போன வருசம் பதினாலு கோல் அடித்த டொறிங்ரன்
இப்போது பரிசில், ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம்
கோப்பை கழுவும் தொட்டிக்கு முன் நிற்கிறான்.
இடைவேளைக்குச் சரியாக அழைப்பு வரும்.
"எத்தினை?"
"மூண்டு."
"ஆருக்கு?"
பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை,
அவன் பக்கத்துத் தண்ணிச் சத்தம் மட்டும்.
பாவம், காசு சேர்த்துப் புது ஜேர்சி அனுப்பினான்.
எல்லாம் இரண்டு அளவு பெரிசு.
காற்றடித்தால் எங்கள் பெடியள்
பாய் விரித்த வள்ளங்கள்:
பந்து கிழக்கே போக, அவர்கள் மேற்கே.

நான் கலியாணம் கட்டியது நாவாந்துறையில்.
அவருடைய அணி பட்டியலில் முதலாவது.
சோறு போடும்போது அவர் ஒரு சொல் சொல்லமாட்டார்.
அந்தச் சொல்லாமைக்குத்தான்
எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்தக் கிறவுண்ட் பக்கம் திரும்பியும் பாரேன் என்று
மாதாவின் மேல் ஆணையாக
இந்தப் பருவத்தில் ஆறு தரம் சொல்லிவிட்டேன்.
மாதாவுக்குப் பழகிவிட்டது.

நேற்று ஐஸ் பில்லின் பின்பக்கம் கணக்குப் பார்த்தேன்.
மிச்சம் இரண்டு ஆட்டம்.
இரண்டையும் வென்றால் ஏழு புள்ளி.
எங்களுக்கு மேலே நிற்பவர்கள்
இரண்டையும் தோற்கவேணும்,
அதில் ஒன்றிலாவது நாலு கோல் வாங்கவேணும்,
மழை வரக்கூடாது.
முதலாளி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்:
"உது எந்த லொறியின்ரை கணக்கு பிள்ளை?"

இன்றைக்கு வெள்ளனவே வந்துவிட்டேன்.
பின்வளவில் மஞ்சள் பல்ப் எரிந்தது.
மெல்றோய் ஒரு முழுக்கட்டியை உடைத்து
தேங்காய் அளவுத் துண்டு துண்டாய் எறிய
பிறின்சன் வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.
இடப்பக்கம், வலப்பக்கம், காலடியில்.
கை சிவந்து, முழங்கையால் தண்ணீர் வடிய,
ஒன்று நழுவியது.
"திருப்பி எறியடா."
அதே இடத்துக்கு அதே துண்டு.
பிடித்தான்.
பிறகு மார்போடு அணைத்துக்கொண்டு
சீமெந்துத் தரையில் படுத்தே கிடந்தான்,
பின்னால் யாரோ வலையைக் கட்டியிருக்கிற மாதிரி.

நான் வந்ததை இருவரும் காணவில்லை.

எட்டு மணிக்கு எண்ணிப் பார்த்தார்கள்,
ஒரு கட்டி குறைவு.
முதலாளி என்னைப் பார்த்தார்.
புத்தகத்தில் 'உருகியது - ஒன்று' என்று
என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

நாளைக்கு வாடைக்காற்று பலமாம்.
நாணயம் எங்கள் பக்கம் விழுந்தால்
முதற்பாதியில் எந்தக் கோலை எடுப்பார்கள், விசரன்கள்?
சைக்கிளுக்கு இன்றிரவே
காற்றடித்து வைக்கவேணும்.